பாசஞ்சர் வண்டி போல நின்று நின்று போங்கள்: ஒட்டாகோ பழைய ரயில் தடத்தில் ஐந்து நாள் சைக்கிள் பயணம்

என் அப்பா மானாமதுரைப் பக்கம் மீட்டர்கேஜ் பாதையில் கீமேனாக வேலை பார்த்தவர். தோளில் சுத்தியல், கையில் ஸ்பானர், இடுப்பில் சுருட்டிச் செருகிய சிவப்புக் கொடி. தன் பொறுப்பில் இருந்த பாதையைத் தினமும் நடந்து பார்த்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவிகளில் தளர்ந்தவற்றை அடித்து இறுக்கிவிட்டு வருவார். பள்ளி லீவு நாட்களில் அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. ஸ்லீப்பர் கட்டைக்குக் கட்டை எட்டு வைத்து நடந்த பழக்கம் இன்னும் என் காலில் இருக்கிறது.

அதனால் நியூசிலாந்தின் டுனெடின் நகரத்துக்கு வந்த புதிதில், கூட வேலை பார்த்த ஒருவர் "தண்டவாளத்தை எடுத்துவிட்ட ரயில் பாதையில் சைக்கிள் விடலாம், வருகிறீர்களா?" என்று கேட்டபோது எனக்கு ஆசை வரவில்லை. பிடுங்கிப் போட்ட பாதையில் போய் எதைப் பார்ப்பது என்று மனசு கனத்தது. போய் வந்த பிறகு அப்படித் தோன்றவில்லை. இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். முதலில் கணவரோடு, அப்புறம் ஊரிலிருந்து வந்த அண்ணன் அண்ணியோடு, கடைசியாக மகளோடு. ஒவ்வொரு விடுமுறைக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான்: எங்களால் முடியுமா, எத்தனை நாள், என்ன கொண்டுவர வேண்டும், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அவர்களுக்குப் போனில் சொல்வதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்களால் முடியுமா?

முடியும். காரணத்தைச் சொல்கிறேன்.

நியூசிலாந்தின் தென்தீவில் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது சென்ட்ரல் ஒட்டாகோ. சுற்றிலும் மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் அது வானம் பார்த்த பூமி. அலெக்சாண்ட்ரா ஊரில் ஆண்டுக்கு 350 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. 1860களில் அங்கே தங்கம் கிடைத்தது, கூட்டம் கூடியது. தங்கம் குறைந்த பிறகு ஆடும் பழத்தோட்டமும் மிஞ்சின. அவற்றைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக டுனெடின் பக்கத்திலிருந்து 1879இல் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். மிடில்மார்ச்சுக்கு 1891இல் வந்தது. கிளைட் ஊரை எட்ட 1907 ஆகிவிட்டது. மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளில் கல் தூண் எழுப்பிப் போட்ட பாதை என்பதால் அவ்வளவு காலம். லாரிகள் பெருகியதும் சரக்கு குறைந்தது. 1980களில் கிளைட் அணைக்கு வேண்டிய பொருட்களைச் சுமந்ததுதான் கடைசிப் பெரிய வேலை. 1990இல் மிடில்மார்ச்சுக்கும் கிளைட்டுக்கும் இடையே வண்டி நின்றது.

தண்டவாளத்தையும் கட்டைகளையும் எடுத்த பிறகு 1993இல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அந்த நிலத்தை வாங்கியது. பாலங்களுக்கு மரப்பலகை அடித்து, கைப்பிடி வைத்து, ஜல்லிக்கு மேலே சரளை போட்டு, 2000ஆம் ஆண்டு 152 கிலோமீட்டரையும் ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில் என்ற பெயரில் முழுதாகத் திறந்துவிட்டார்கள். ஆரம்பத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். இன்று அதே பண்ணைகள் சிலவற்றில்தான் நாம் இரவு தங்குகிறோம். பாதைக்குக் கட்டணம் இல்லை.

இனி ஏன் முடியும் என்பது. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது. இந்தப் பாதையின் அதிகபட்ச ஏற்றம் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது 50 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் உயரும். நம் ஊர்ப் பாலத்தில் சைக்கிளை மிதித்து ஏறியவர்களுக்கு இது ஏற்றமே இல்லை. முழுப் பாதையிலும் மிக உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து 618 மீட்டர். வளைவுகளும் பெரிய பெரிய வளைவுகள். அண்ணனுக்கு அப்போது 61 வயது, அண்ணிக்கு 56. இருவரும் இருபது வருஷத்துக்கு மேல் சைக்கிளைத் தொடாதவர்கள். இருவரும் முழுப் பாதையையும் முடித்தார்கள்.

ஆனால் பயிற்சி இல்லாமல் வராதீர்கள். கால் தாங்கும், உட்காரும் இடம்தான் தாங்காது. ஆறு வாரம் முன்பே தொடங்கி, வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் 30 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் மறுபடி சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடிந்தால் புறப்படலாம்.

எத்தனை நாள்?

ஐந்து நாள். நாலு நாள் குறைந்தபட்சம். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

முதல்முறை நானும் கணவரும் இரண்டரை நாளில் முடித்தோம். வேகமாகப் போனோம் என்பதைத் தவிர அந்தப் பயணத்தில் எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஸ்டேஷன் பலகைகள் பக்கவாட்டில் ஓடின, எக்ஸ்பிரஸ் ஜன்னலில் பார்ப்பது போல. ஹைட் பக்கத்தில் ரயில் விபத்து நினைவுச்சின்னத்தை நிற்காமல் கடந்துவிட்டோம் என்பது வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் எனக்கு உறக்கம் சரியில்லை. ரயில்வேக் குடும்பத்தில் பிறந்தவள் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கவில்லையே என்று.

இந்தப் பாதையை பாசஞ்சர் வண்டி போலத்தான் போக வேண்டும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிற்க வேண்டும். ரயில் போன காலத்தில் ஊர்கள் உட்கார்ந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. ஏழு கிலோமீட்டர், பன்னிரண்டு கிலோமீட்டர் என்று ஏதாவது ஒரு ஊர் வரும். அங்கே ஒரு டீ, ஒரு பேச்சு, அடுத்த ஊர். இன்னொரு காரணமும் உண்டு. முப்பது நாற்பது பேர் இருக்கும் ஊர்களில் அந்த ஒரு ஹோட்டலும் ஒரு கடையும் திறந்திருப்பது நம்மைப் போல மிதித்து வருகிறவர்களால். இரண்டு நாளில் பறந்து போகிறவர்களால் அந்த ஊருக்கு ஒரு பயனும் இல்லை.

எப்போது, எந்தப் பக்கமிருந்து?

மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து ஏப்ரல் நடு வரை. நமக்குப் பங்குனி வெயில், அங்கே இலையுதிர் காலம். கிளைட், அலெக்சாண்ட்ரா பக்கம் ஆற்றோர மரங்கள் மஞ்சளாக மாறும். மார்ச்சில் சாயங்காலம் ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். ஜனவரியில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், பாதையில் நிழல் கிடையாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உறைபனி. ரான்ஃபர்லியில் 1903இல் உறைநிலைக்குக் கீழே 25.6 டிகிரி பதிவானது, அதுதான் இந்த நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை. நம் உடம்புக்கு அது வேண்டாம். ஈஸ்டர் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், தங்க இடம் கிடைக்காது. மற்ற நாட்களுக்கும் மூன்று நாலு மாதம் முன்பே அறை பிடித்துவிட வேண்டும். ஒரு ஊரில் அறை இல்லையென்றால் அடுத்த ஊருக்கு இருட்டில் மிதிக்க வேண்டிவரும்.

பாதையின் இரு முனைகள் கிளைட்டும் மிடில்மார்ச்சும். நான் கிளைட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். கிழக்கே போகிறவர்களுக்கு அது முதுகைத் தள்ளிவிடும். மலையேற்றத்தைவிட இந்தப் பாதையில் எதிர்காற்றுதான் ஆளை அடிக்கும். ஆனால் காற்று தினமும் ஒரே பக்கம் அடிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. முந்தைய நாள் இரவே வானிலையைப் பார்த்து, காற்று பலமாக இருக்கும் என்றால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

குவீன்ஸ்டவுன் விமானநிலையத்திலிருந்து கிளைட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. டுனெடினிலிருந்து என்றால் இரண்டரை மணி நேரம். சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்களே வேனில் ஏற்றி வந்து விடுவார்கள், பெட்டிகளையும் ஒவ்வொரு நாளும் அடுத்த விடுதியில் சேர்த்துவிடுவார்கள். பெட்டிக்குக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முதுகில் பை இல்லாமல் ஓட்டுவதும் எட்டுக் கிலோவோடு ஓட்டுவதும் வேறு வேறு பயணங்கள்.

சைக்கிளும் உடுப்பும்

தடித்த டயர் போட்ட சைக்கிள் வேண்டும். ரோட்டில் ஓட்டும் மெல்லிய டயர் சரளையில் வழுக்கும். வாடகைச் சைக்கிளை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள், அந்த இடத்திலேயே பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். முதல் பயணத்தில் எனக்குக் கொடுத்த சைக்கிளின் சீட் தாழ்வாக இருந்தது. அவர்கள் பார்க்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அறுபது கிலோமீட்டரில் முழங்கால் வலி வந்துவிட்டது. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்.

பேட்டரி சைக்கிள் எடுப்பதில் ஒரு குறையும் இல்லை. அண்ணி அதில்தான் வந்தார். இரவில் விடுதியில் சார்ஜ் போடலாம், அறை பிடிக்கும்போதே சொல்லிவிடுங்கள். எதிர்காற்றில் பேட்டரி சீக்கிரம் தீரும். அதனால் காலையிலேயே முழு வேகத்தில் வைக்காமல் குறைந்த உதவியில் ஓட்டுங்கள்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துப்பட்டா வேண்டவே வேண்டாம். அலெக்சாண்ட்ரா தாண்டியதும் அண்ணியின் துப்பட்டா செயினில் சிக்கிக்கொண்டது. மெதுவாகப் போனதால் விழவில்லை, ஆனால் அவர் கை நடுக்கம் நிற்கக் கால்மணி நேரம் ஆயிற்று. சுடிதார் மேலாடையும் இறுக்கமான கால்சட்டையும் போதும். உள்ளே பஞ்சு வைத்த சைக்கிள் அரைக்கால்சட்டை ஒன்று கட்டாயம் வாங்குங்கள். மேலே என்ன போட்டாலும் உள்ளே அது இருக்கட்டும். ஆண்களும் பேன்ட் நுனியை ரப்பர் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்.

தலைக்கவசம் இந்த நாட்டில் சாலையில் சட்டப்படி கட்டாயம். குளிர்ந்த காற்று அடிப்பதால் வெயில் தெரியாது, ஆனால் இங்கே புற ஊதாக் கதிர் கடுமை. நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். அண்ணனின் காதும் புறங்கையும் ஒரே நாளில் கன்றிப்போயின. சன்ஸ்கிரீனை இரண்டு மணிக்கொரு முறை தடவுங்கள். ஒரே நாளில் காலை 3 டிகிரி, மதியம் 24 டிகிரி என்று மாறும். அதனால் கனமான ஒரு ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று உடுப்பு நல்லது. கையுறையும் காற்றுத் தடுப்புச் சட்டையும் பெட்டியில் போகக் கூடாது, கூடவே இருக்க வேண்டும். டார்ச் லைட்டும் அப்படித்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையில்லை. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அறை பிடிக்கும்போது ஒருமுறை, வருவதற்கு முந்தைய நாள் ஒருமுறை. "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. இறைச்சி, மீன், கோழி எதுவும் வேண்டாம், முட்டை சாப்பிடுவோம் அல்லது மாட்டோம் என்று விவரமாகச் சொல்லுங்கள். சொன்னால் மனதாரச் செய்து தருவார்கள். ஒரு ஊரில் ஹோட்டல்கார அம்மா எங்களுக்காகப் பருப்பு சூப் வைத்து, காரம் போதுமா என்று மூன்று முறை வந்து கேட்டார். சமையல்கட்டைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். இரவு எட்டு மணிக்குப் போய் நின்றால் கிடைக்காமல் போகலாம், ஏழு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டை நான் கையிலேயே கொண்டுபோவேன். புளியோதரை இரண்டு நாள் தாங்கும். சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் மூன்றாம் நாள் வரை. எலுமிச்சைச் சாதம் முதல் நாளைக்கு மட்டும். அப்புறம் வேர்க்கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வழியில் வாங்கும் ஆப்பிள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். வழியில் ஓடும் ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், மேலே ஆடுமாடு மேய்கிறது.

இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்கள் கவனியுங்கள். நாட்டுக்குள் நுழையும் பயணிகள் நிரப்பும் அறிவிப்புப் படிவத்தில் எல்லா உணவுப்பொருளையும் அறிவித்துவிட வேண்டும், பொடி, ஊறுகாய், மசாலா எதுவானாலும். அறிவித்தால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். செருப்பு, ஷூவில் மண் ஒட்டியிருந்தாலும் கேட்பார்கள், கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள்.

முதல் நாள்: கிளைட்டிலிருந்து லாடர், சுமார் 44 கிலோமீட்டர்

கிளைட்டிலிருந்து அலெக்சாண்ட்ரா 8 கிலோமீட்டர், சமதரை. சைக்கிளோடு பழகிக்கொள்ள வைத்தது போல இருக்கும். மலைச்சரிவெல்லாம் காட்டு ஓமம் போன்ற ஒரு செடி. தைம் என்பார்கள். மிதிபட்டால் ஓமவல்லி வாசம் போலவே எழும். அடுத்து சாட்டோ கிரீக். அங்கே ஹோட்டல் பக்கத்தில் ஒரு தபால் நிலையம், ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவு சிறியது.

அதைத் தாண்டியதும் டைகர் ஹில். முழுப் பாதையிலும் மூச்சு வாங்கும் இடம் இதுதான். ரயில் ஏற வேண்டும் என்பதற்காக மலையைச் சுற்றி நீளமாக வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். பல கிலோமீட்டருக்கு விடாமல் லேசான ஏற்றம். கியரைத் தாழ்த்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் ஒன்றுமில்லை. ஓமகாவில் டீ குடித்துவிட்டு, தெம்பிருந்தால் பக்கத்திலேயே இருக்கும் ஓஃபிர் கிராமத்தை எட்டிப் பாருங்கள். தங்கம் தோண்டிய காலத்து ஊர். 1886இல் கட்டிய கல் தபால் நிலையமும் 1880இல் கட்டிய தொங்குபாலமும் இருக்கின்றன. அங்கிருந்து ஏழு கிலோமீட்டரில் லாடர். இரவில் கம்பளி போர்த்திக்கொண்டு ஐந்து நிமிஷம் வெளியே வந்து நின்று வானத்தைப் பாருங்கள்.

இரண்டாம் நாள்: லாடரிலிருந்து ஒட்டுரெஹுவா, சுமார் 22 கிலோமீட்டர்

தூரம் குறைவு. வேண்டுமென்றேதான் குறைவாக வைத்திருக்கிறேன், இந்த நாளைத் தயவுசெய்து நீட்டாதீர்கள்.

முதலில் மனுஹெரிக்கியா ஆற்றின்மேல் 110 மீட்டர் நீளப் பாலம். அப்புறம் பாதை பூல்பர்ன் மலையிடுக்குக்குள் நுழையும். அங்கே ரயிலுக்காக மலையைக் குடைந்த இரண்டு குகைகள், ஒவ்வொன்றும் 200 மீட்டருக்கு மேல். விளக்கு கிடையாது. நடுவில் போனால் கண்ணுக்கு முன்னால் விரல் தெரியாது. டார்ச் இதற்குத்தான். போன் வெளிச்சம் போதாது, ஒரு கையில் சைக்கிள் இருக்கும்போது கீழே விழுந்தும்விடும். சைக்கிளிலிருந்து இறங்கி, இடப்பக்கம் ஒட்டித் தள்ளிக்கொண்டு நடங்கள். எதிரே வருகிறவர்களுக்கு மணி அடியுங்கள். சுவரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், உளி பட்ட தடம் கையில் தெரியும். அந்த ஈரச் சுவரில் கை வைத்தபோது அப்பாவின் காய்த்துப்போன உள்ளங்கை எனக்கு நினைவு வந்தது. அந்தக் குளிரில், கூடாரம் போட்டுத் தங்கி, இந்தக் குகையைக் குடைந்தவர்களும் அவரைப் போன்ற கூலிகள்தான்.

அந்த மலையிடுக்கிலேயே பூல்பர்ன் பாலமும் இருக்கிறது, 37 மீட்டர் உயரம். தூண்கள் கல்லைச் செதுக்கி அடுக்கிக் கட்டியவை. உயரம் கண்டு தலை சுற்றுகிறவர்கள் நடுவில் நடந்தால் போதும், கைப்பிடி பலமாக இருக்கிறது. போன் சிக்னல் இங்கே எடுக்காது. அவசர எண் 111, ஆனால் சிக்னல் வேண்டுமே. அதனால் தனியாகப் போகிறவர்கள் லாடரிலேயே விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வழியில் சின்னத் தகரக் கொட்டகைகள் வரும். பாதையைப் பழுதுபார்த்த கேங்மேன்கள் மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்கிய இடங்களின் நினைவாக வைத்தவை. உள்ளே ஊர் வரலாறு எழுதிய பலகைகள் இருக்கும். எல்லாக் கொட்டகையிலும் நின்று படியுங்கள். ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் எஞ்சினைப் பற்றித்தான் எழுதுவார்கள். கேங்மேனுக்கு என்று நினைவிடம் வைத்த வேறு இடம் நான் பார்த்ததில்லை.

ஒட்டுரெஹுவாவுக்குப் பக்கத்தில் ஹேய்ஸ் பட்டறை. எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895இல் தொடங்கியது. பண்ணை வேலிக் கம்பியை இழுத்துக் கட்டும் கருவிகளை இங்கே செய்து நாடு முழுக்க விற்றார்கள். விற்றது யார் தெரியுமா? அவர் மனைவி ஹன்னா. பிள்ளைகுட்டிக்காரி, சரளை ரோடுகூடச் சரியாக இல்லாத காலத்தில் சைக்கிள் மிதித்துப் பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் பிடித்துவந்தார். தடித்த டயரும் பேட்டரியும் வைத்துக்கொண்டு நாம் கால் வலிக்கிறது என்கிறோம். பட்டறையை மரபுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள், பழைய வார்பெல்ட்டுகள் அப்படியே இருக்கின்றன. எல்லா நாளும் திறந்திருக்காது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் கில்கிறிஸ்ட் மளிகைக்கடை. எங்கள் தெரு அண்ணாச்சி கடையின் வாசம் எனக்கு அங்கே அடித்தது.

மூன்றாம், நான்காம் நாட்கள்: ஒட்டுரெஹுவாவிலிருந்து ஹைட்

மூன்றாம் நாள் ரான்ஃபர்லி வரை, சுமார் 25 கிலோமீட்டர். வெடர்பர்னுக்கு முன்னால் 618 மீட்டர் உச்சி. தென் அட்சரேகை 45 டிகிரியும் அந்தப் பக்கத்தில்தான் பாதையைக் கடக்கிறது, பலகை இருக்கும். வெடர்பர்னில் பச்சைப் பெயின்ட் அடித்த கூட்ஸ் ஷெட். ஒரு ஓவியர் வரைந்ததால் பேர்பெற்ற கொட்டகை அது. வேறிடத்துக்குக் கொண்டுபோனதை ஊர்க்காரர்கள் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தினார்கள். அதன்பின் ரான்ஃபர்லி வரை இறக்கம்தான். மருந்துக்கடை, மளிகை எல்லாம் உள்ள பெரிய ஊர், பேண்டேஜ், சன்ஸ்கிரீன், பழம் இங்கே வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக் காயத்துக்கு ஏசிசி என்ற அரசுத் திட்டம் வெளிநாட்டவருக்கும் உதவும். காய்ச்சல், நெஞ்சுவலிக்கு உதவாது, அதற்குப் பயணக் காப்பீடு எடுத்துவந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் ஹைட் வரை 34 கிலோமீட்டர் போல. வைபியாட்டாவில் மதியச் சாப்பாடு. பிறகு பாதை டையரி ஆற்றை ஒட்டி இறங்கும். பிரைசஸ் கிரீக் பாலமும் இன்னொரு குகையும் வரும், மறுபடி டார்ச். நடுவில் கடை கிடையாது, தண்ணீரை வைபியாட்டாவிலேயே நிரப்பிவிடுங்கள். இந்தப் பகுதியில் வேலிக் கதவுகள் உண்டு. திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் இறங்கி நில்லுங்கள். விரட்டினால் குட்டிகள் வேலியில் மோதும்.

ஐந்தாம் நாள்: ஹைடிலிருந்து மிடில்மார்ச், 27 கிலோமீட்டர்

ஹைட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த நினைவுச்சின்னம். 1943 ஜூன் 4 அன்று கிராம்வெல்லிலிருந்து டுனெடினுக்குப் போன எக்ஸ்பிரஸ், இங்கே மேட்டை வெட்டிப் பாதை போட்ட ஒரு கட்டிங்கின் வளைவில், அனுமதித்த வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்து கவிழ்ந்தது. 21 பேர் இறந்தார்கள், 47 பேருக்குக் காயம். போர்க்காலம் என்பதால் ஊர்களில் ஏற்கெனவே ஆள் குறைவு. பிழைத்தவர்கள் பெட்டிகளுக்குள் கிடந்தவர்களைத் தங்கள் கையாலேயே தூக்க வேண்டியிருந்தது. இரண்டாவது பயணத்தில் அண்ணனும் நானும் அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் வழியில் பறித்த காட்டுப் பூவைக் கல்லடியில் வைத்தார். நீங்களும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள். கட்டிங்கில் நின்று வளைவைப் பார்த்தாலே என்ன நடந்திருக்கும் என்று புரியும்.

அங்கிருந்து ராக் அண்ட் பில்லர் மலைத்தொடர் வலப்பக்கம் கூடவே வரும். பாதை ஏறக்குறைய நேர்க்கோடு. காற்று எதிரே இருந்தால் இந்த 27 கிலோமீட்டர்தான் பொறுமையைச் சோதிக்கும். ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையாகப் போய், ஐந்து நிமிஷத்துக்கொரு முறை முன்னால் போகிறவர் மாறிக்கொண்டால் எல்லோருக்கும் சுமை குறையும்.

பாதையில் விற்கும் சிறு பாஸ்போர்ட் புத்தகம் ஒன்று உண்டு. ஸ்டேஷன்களில் முத்திரை வைத்திருப்பார்கள், நாமே குத்திக்கொள்ளலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் கட்டாயம் வாங்குங்கள். என் மகள் அந்த முத்திரைக்காகத்தான் அத்தனை நாளும் முகம் சுளிக்காமல் மிதித்தாள். மிடில்மார்ச் முத்திரையை மறந்துவிட்டு வேனில் ஏறிவிடுகிறவர்கள் நிறைய.

மிடில்மார்ச்சிலிருந்து டுனெடின் 80 கிலோமீட்டர். அழைத்துப்போகும் வேனுக்கு மதியம் மூன்று மணிக்குச் சொல்லிவையுங்கள், அதற்கு முன் வேண்டாம். ஹைடிலிருந்து காலை எட்டரைக்குக் கிளம்பினால் நினைவுச்சின்னத்தில் நிற்க நேரமிருக்கும், காற்று எப்படி அடித்தாலும் இரண்டு மணிக்குள் வந்துவிடலாம். மீதி ஒரு மணி நேரத்தில் சைக்கிளைத் துடைத்து ஒப்படைத்து, முகம் கழுவி, ஸ்டேஷன் பக்கம் நடந்து பாருங்கள். அங்கே தண்டவாளம் இன்னும் இருக்கிறது. டுனெடினிலிருந்து வரும் பாதையை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் அதில் இறங்கி, கட்டைக்குக் கட்டை எட்டு வைத்துப் பத்தடி நடந்துவிட்டுத்தான் வேனில் ஏறுவேன்.